கடைசி வசனத்துக்குத் தரையைத் தொடுவோம்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பஸ் பலகை படிப்பேன். கையெழுத்துப் போடுவேன். மற்றதெல்லாம் காது வழியாக வந்ததுதான். இதையும் நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதி, திரும்பப் படித்துக் காட்டினாள். பிடிக்காத இடத்தில் அடி என்றேன், அடித்தாள். ஆகையால் இது என் எழுத்துதான்.

சின்ன வயதிலேயே மேடை ஏறியவள் நான். முதலில் இருந்த நாடகக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. நாடகத்தின் கடைசி வசனத்தை ஒத்திகையில் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அந்த இடம் வந்ததும், சொல்ல வேண்டியவர் குனிந்து உள்ளங்கையால் தரையைத் தொடுவார். சுற்றி இருப்பவர்களும் தொடுவார்கள். அதோடு ஒத்திகை முடிந்தது. கடைசி வசனம் ஜனங்களுடைய சொத்து, அவர்கள் முன்னால்தான் அது முதல் தடவையாக வாயைவிட்டு வர வேண்டும், முன்னாடியே சொல்லிவிட்டால் நாடகம் மேடை ஏறாது என்பார்கள். மேடையில் ஒரு தடவை சொல்லி ஆகிவிட்டால் பிறகு எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம். அடுப்பங்கரையில் நின்று கொண்டுகூடச் சொல்லலாம்.

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தக் கம்பெனியில் கற்றதில் பாதியை நானே தூக்கிப் போட்டுவிட்டேன். கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதை விட்டேன். அழுகைக்கு முந்தானையைப் பிடிப்பதை விட்டேன். இதை மட்டும் விடவில்லை.

இப்போது நான் நடிப்பதெல்லாம் ஒரு பெண் டைரக்டரோடு. கல்லூரியில் படிக்கும்போதே என்னைத் தேடி வந்தவள். அவளுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது, ஆனாலும் நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாடகத்தில் இந்த வழக்கத்தைச் சொன்னபோது, "இதெல்லாம் மூடநம்பிக்கைம்மா" என்றாள். "ஆமா கண்ணு, மூடநம்பிக்கைதான். நீ சொல்லிப் பாரு" என்றேன். அவள் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளும் தரையைத் தொடுகிறாள்.

அவளால்தான் சாரைத் தெரியும். சார் என்றால் நாவல் எழுதுகிறவர். அபிராமபுரத்தில் மாடி வீடு. அவரும் அவர் சம்சாரமும்தான். அந்த அம்மாளை எல்லாரும் மாமி என்போம். சாருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. அவரிடம் பேச வேண்டுமானால் வலது பக்கம் போய் உட்கார வேண்டும். தெரியாதவர்கள் இடது பக்கம் உட்கார்ந்து தங்கள் கதையை முழுக்கச் சொல்லி முடிப்பார்கள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். பிறகு மாமி வந்து, "அது கேக்காத காது. மறுபடி ஆரம்பிங்கோ" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். நாவல் எழுதுகிறவர்கள், நாடகம் போடுகிறவர்கள். முன்பெல்லாம் அங்கே சண்டை நடக்கும். அந்த நாவல் குப்பை, இந்த நாடகம் நாடகமே இல்லை என்று காரசாரமாக இருக்கும். கடந்த சில வருடங்களாக அந்தச் சண்டை இல்லை. எதை எழுதலாம், எதை எழுதினால் யார் வருவார்கள், எந்த அரங்கம் கதவைத் திறக்கும் என்பதே பேச்சு. ஒருவர் தம் நாவலை வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் பதிப்பாளரிடம் கொடுத்தேன் என்பார். இன்னொருவர் ஒரு பாத்திரத்தின் ஊரை மாற்றினேன், தொழிலை மாற்றினேன், கடைசியில் அந்த ஆளே காணாமல் போய்விட்டான் என்பார். சிரிப்போம். சிரித்து முடித்ததும் கீழே ஆட்டோ போகிற சத்தம் கேட்கும்.

அந்தக் கூட்டத்தில் தி. நகரில் துணிக்கடை வைத்திருக்கும் தெக்கத்திக்காரர் ஒருவர் உண்டு. பகலில் ஜவுளி, மற்ற நேரம் நாவல். அண்ணாச்சி என்போம். அவர்தான் வாயை அடக்காதவர்.

"எல்லாரும் ராசா கதை எழுதுங்க. ராசா செத்துட்டான்லா, கேசு போட மாட்டான்" என்பார்.

"போடுவா அண்ணாச்சி. பேரன் வருவான்" என்பார் சார்.

சாரின் நாவல் ஒன்றை நாடகமாக்கலாம் என்று பாப்பா கேட்டாள். ஆற்றங்கரையில் வாழ்ந்த ஒரு கிழவியின் கதை. கரையோரத்து வீடுகளை இடித்து, ஜனங்களை லாரியில் ஏற்றி, பெருங்குடியெல்லாம் தாண்டித் தூரத்தில் கட்டிய மாடி வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். கிழவி கடைசியாக லாரியில் ஏறுகிறாள். நாவலில் அவள் ஒன்றும் பேசாமல் ஏறுவாள். நாடகத்துக்கு சார் புதிதாக ஒரு கடைசி வசனம் யோசித்தார்.

நான் அடையாற்றங்கரையில் பிறந்தவள். அதனால் அந்த வசனத்தை நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். இல்லை. அது முழுக்க அவருடையது. எங்கள் பேச்சில் எழுதினார், ஆனால் அவர் எழுதினார்.

நான் படிக்க மாட்டேன் என்பதால் என் பாகத்தை சாரே உட்கார்ந்து சொல்லித் தருவார். நான் திரும்பச் சொல்வேன். எல்லாம் முடிந்த பிறகு, கடைசி வசனத்தைத் தனியாகக் காதில் ஒரே ஒரு தடவை சொல்வது முறை. அதற்கு ஒரு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மயிலாப்பூர் குளத்துப் பக்கம் நானும் அவரும் பஸ்ஸுக்கு நின்றபோது, என்ன தோன்றியதோ, "இப்பவே சொல்லிடறேன்" என்று என் காதருகே குனிந்தார். காது கேட்காதவர் ரகசியம் சொன்னால் எப்படி இருக்கும்? தெருவே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் தன்னிடம்தான் சொல்கிறார் என்று நினைத்து, "போய்ட்டு வா நைனா, நான் இங்கதான் கீறேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாருக்கு எதற்குச் சிரிக்கிறேன் என்று தெரியவில்லை. பஸ் ஏறிய பிறகுதான் அந்த வசனம் என்னைப் பிடித்தது. மந்தைவெளி தாண்டும்வரை நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒத்திகை நன்றாக வந்தது. லாரி இடம் வந்ததும் நான் குனிந்து தரையைத் தொடுவேன். பாப்பா தொடுவாள், விளக்குக்காரர் தொடுவார், நாற்காலியில் இருக்கும் சாரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து தொடுவார். அவருக்கு அந்த வழக்கத்தின் மேல் ஒரு காதலே வந்துவிட்டது. "உலகத்துல எந்த நாவலாசிரியனுக்கு இந்தக் கொடுப்பினை? என் கடைசி வரியை நானே முதல் நாள் ஜனங்களோட உக்காந்துண்டு கேக்கப்போறேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

அந்தக் காதலில்தான் தப்பு நடந்தது. அரங்கத்துக்காரர்கள் அனுமதிக் கடிதம் கேட்டார்கள். அனுமதி தருகிற ஆபீசில் நாடகத்தின் பிரதியைக் கேட்டார்கள். சார் தட்டச்சு செய்து வைத்திருந்ததை பாப்பா அப்படியே கொடுத்துவிட்டு வந்தாள். அதில் கடைசிப் பக்கத்தில் 'கிழவி' என்று போட்டு, பக்கத்தில் ஒன்றும் இல்லை. வாயால் சொல்லக் கூடாது என்பதுதான் எங்கள் வழக்கம். சார் அதை நீட்டி, காகிதத்திலும் எழுதக் கூடாது என்று ஆக்கிக்கொண்டார். எங்கள் யாருக்கும் அது தெரியாது.

ஆபீசில் இருந்தவர் பாப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டாராம்.

"மேடம், கடைசியில அந்தக் கிழவி என்னா சொல்லப் போறா?"

"அது... ஒத்திகையில சொல்ல மாட்டாங்க சார். வழக்கம்."

"எங்ககிட்டயே சொல்ல மாட்டீங்களா? அப்ப ஜனங்க முன்னாடி என்னத்த சொல்லி வெப்பீங்க?"

அவரைக் குறை சொல்லி என்ன? வீடு இடிக்கிற கதை, முழுக்க எழுதிவிட்டு நாக்கு நுனியில் ஒன்றை மறைத்து வைத்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். கோப்பு மேலே போய்விட்டது. அரங்கத்துக்காரர்கள் எங்கள் தேதியை ஒரு கல்யாண வரவேற்புக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் நடந்த பேச்சு எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது.

அண்ணாச்சி சொன்னார்: "இதுக்கு ஏன் மண்டைய ஒடைக்கீங்க? எல்லாரும் நல்லாருங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. மேடையில ஆச்சி நெசத்தச் சொல்லட்டும்." அவர் என்னை ஆச்சி என்பார்.

"வந்து பாப்பாங்க அண்ணாச்சி. மூணாவது வரிசையில பிரதிய மடியில வச்சுக்கிட்டு உக்காருவாங்க. அப்புறம் எனக்கு எந்த ஹாலும் கிடைக்காது" என்றாள் பாப்பா.

"பொய்யா ஒரு வரி எழுதி, கீழ என் பேரைப் போட்டுக்க மாட்டேன்" என்றார் சார். "இத்தனை வருஷத்துல நான் நிறைய எழுதாம இருந்திருக்கேன். பயந்துண்டு விட்டிருக்கேன். ஆனா பொய் எழுதினதில்லை."

"அப்ப நிஜத்தையே எழுதிக் கொடுங்க சார்" என்றாள் பாப்பா.

சார் என்னைப் பார்த்தார். "அது அம்மாகிட்ட குடுத்தாச்சு. வழக்கம் அவாளோடது. அவா சொல்லணும்."

எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "எழுதறதுல இன்னா சார் கீது? வாயில வரக் கூடாது, அவ்ளோதான். எங்க கம்பெனி வாத்தியாரு காயிதத்துல முழுசா எழுதித்தான் பொட்டியில வச்சிருந்தாரு. எழுதிக் குடுங்க."

 மாமிதான் டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "இதை மொதல்லயே ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?"

சார் எழுதினார். அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். சார் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் கையால் மறைத்துக்கொண்டார். பாப்பா மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆபீசில் இருந்தவர் படித்தார். இரண்டாம் முறையும் படித்துவிட்டு, "இதுக்கா மேடம் இவ்வளவு?" என்று கேட்டாராம். ஆனால் கோப்பு அவர் கையில் இல்லை. மேலே இருந்து வரட்டும் என்றார். மேலே இருப்பது எப்போது கீழே வரும் என்று யாருக்குத் தெரியும்? மழைக்காலம் போயிற்று. மாம்பழக் காலமும் போயிற்று.

இதற்கிடையில் சாருக்கு நெஞ்சில் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று வயதானவர்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, புத்தக அறையில் போட்டிருந்தார்கள். நான் இருக்கும் ஆதம்பாக்கத்திலிருந்து வேளச்சேரி வந்து, ரயில் பிடித்து, மந்தைவெளியில் இறங்கி அவரைப் பார்க்கப் போவேன். ரயில் நிலையப் படியில் என் முட்டி முனகும். போகாமல் இருக்க முடியவில்லை.

ஒருநாள் மத்தியானம் மாமி கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். நான் கட்டிலின் வலது பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மூக்கில் குழாய். ஆனால் கண் தெளிவாக இருந்தது.

"அனுமதி வந்துதா?" என்றார்.

"வரும் சார்."

"எனக்கு வராது" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஒரே ஒரு தடவை. இங்கயே. எனக்கு மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

அவர் எதைக் கேட்கிறார் என்று தெரிந்தது. வேறு யாரும் இல்லாத அறை. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. பெரிய வசனமும் இல்லை, ஒரு மூச்சுக்குக்கூட வராது. ஆனால் என் வாய் திறக்கவில்லை.

"மேடையில சொல்றேன் சார்" என்றேன். "மொத வரிசையில வந்து குந்துங்க. சோத்தாங்கைப் பக்கமா நின்னு சொல்றேன், உங்களுக்குக் கேக்கும்."

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு இருமலாகப் போயிற்று. "பிடிவாதம்" என்றார். திட்டினாரா, மெச்சினாரா, தெரியாது.

"லாரி சீனு முச்சூடும் போடறேன், பாக்கிறீங்களா?" என்று கேட்டேன். கண்ணை மூடித் திறந்தார். நான் எழுந்து நின்று, அந்தச் சின்ன அறையில், மருந்து மேஜைக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவில் லாரி சீனைப் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதைப் பேசினேன். கோழியைத் தேடுவதைத் தேடினேன். லாரிக்காரனைத் திட்டுவதைத் திட்டினேன். சாரின் உதடுகள் என்னோடு கூடவே அசைந்தன. கடைசி இடம் வந்தது. நான் குனிந்து அந்த மொசைக் தரையை உள்ளங்கையால் தொட்டேன். நிமிர்ந்தபோது, சாரின் கை கட்டிலிலிருந்து கீழே தொங்கி, தரையைத் தேடிக்கொண்டிருந்தது. எட்டவில்லை. மாமி எப்போது வந்தாள் என்று தெரியாது. மருந்துப் பையைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்து, தன் ஒரு கையைத் தரையில் வைத்து, இன்னொரு கையால் அவர் விரல்களைப் பிடித்தாள்.

அடுத்த வாரம் சார் போய்விட்டார்.

பெசன்ட் நகரில் தகனத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் வாசலோடு நின்றுகொண்டேன். அண்ணாச்சி உள்ளே போய் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். நடந்ததை சார் மாமியிடமும், மாமி அவரிடமும் சொல்லியிருக்க வேண்டும்.

"சொல்லியிருக்கலாம்லா ஆச்சி. சாகப்போற மனுசன். ஒரு வரி."

 என்னவென்று சொல்வது? வழக்கத்துக்காக வாயைக் கட்டினேன் என்று அவர் நினைத்தார். அந்த அறையில் நின்று அதை நான் சொல்லியிருந்தால், இனி நாடகம் இல்லை, நீங்கள் எழுந்து வரப்போவதில்லை என்று அவர் முகத்துக்கு நேரே நானே சொன்னதாகும். அதை டாக்டர் சொல்லட்டும், ஆபீசுக்காரர்கள் சொல்லட்டும். நான் எப்படிச் சொல்வேன்? செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் சரியாகச் செய்தது தூக்கம் தரும் என்று யார் சொன்னார்கள்?

அதன்பின் சில ஞாயிறுகள் கூட்டம் இல்லை. பிறகு மாமியே வரச் சொன்னாள். அன்றைக்கு எல்லாரும் சாரைப் பற்றிப் பேசினார்கள். காலம் கெட்டுக் கிடக்கும்போது எதற்கு எழுதுவது என்று அண்ணாச்சி கேட்டார். அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கடைசி நாவலைப் பாதியில் நிறுத்திவிட்டாராம். "கடையப் பாத்துக்கிட்டு இருந்துருதேன். துணி யாரையும் கோவப்படுத்தாது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பாப்பா மட்டும் மெதுவாக, "நீங்க விக்கிற கலருக்கு எனக்குக் கோவம் வரும் அண்ணாச்சி" என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது.

அனுமதி வந்தது. எந்த வெட்டும் இல்லை, எந்த நிபந்தனையும் இல்லை. அவ்வளவு காலம் எதைப் படித்துக்கொண்டிருந்தார்களோ. பெரிய அரங்கம் கிடைக்கவில்லை. அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தைக் கொடுத்தார்கள். பாப்பா சொன்னபடியே மூன்றாவது வரிசையில் ஒருவர் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் வரிசையில் மாமி இருந்தாள். பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காராதபடி கைப்பையை வைத்திருந்தாள்.

லாரி சீன் வந்தது. வீட்டை இடித்து முடித்தாயிற்று. மேடையில் செங்கல் குவியல் மட்டும்தான். கோழியைத் தேடி முடித்து, லாரிக்காரனைத் திட்டி முடித்து, பலகையில் கால் வைத்து ஏறினேன். அவன் "சீக்கிரம் ஆயா" என்றான். நான் பாதி ஏறினவள் இறங்கி, அந்தக் குவியலைப் பார்த்தேன். முட்டி தானாக மடிந்தது. ஒத்திகையில் அவ்வளவு நாள் குனிந்த உடம்பு, அது தரையைத்தான் கேட்டது. மேடை ஓரத்தில் இருட்டில் பாப்பா ஏற்கெனவே குனிந்து தரையைத் தொட்டுவிட்டாள். நான் பல்லைக் கடித்து நிமிர்ந்து, முதல் வரிசைக்கு வலப்பக்கமாக நகர்ந்து நின்று, சொன்னேன்.

"இருப்பா, கதவ சாத்திக்கினு வந்துர்றேன்."

 மூன்றாவது வரிசைக்காரர் மடியில் இருந்ததைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு அணைந்த பிறகும் மாமி கைப்பையின் மேல் கையை வைத்தபடியே இருந்தாள்.

மறுநாள் அபிராமபுரம் போனேன். மாமி காபி கொடுத்தாள்.   குடித்து முடித்த பிறகு, "மேடையில சொல்லியாச்சு. இப்போ எங்க வேணா சொல்லலாமோன்னோ?" என்று கேட்டாள்.

"சொல்லலாம் மாமி."

எழுந்து புத்தக அறைக்குப் போனாள். நான் பின்னால் போனேன். வாடகைக் கட்டிலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் கால்கள் இருந்த இடத்தில் மொசைக்கில் துருத் தடம். அறைக்குள் நுழைந்த பக்கத்திலேயே, சுவரோரமாக நின்று, நேற்று சொன்ன குரலில் சொன்னேன்.

மாமி தலையை ஆட்டினாள்.

"அங்க நின்னுண்டு சொல்றேளே. அது கேக்காத காது."

கட்டில் இருந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் நின்று, இன்னொரு தடவை சொன்னேன்.